லுக்கா காமிக்ஸ் திருவிழா: ஒரு டெக்ஸ் வில்லர் ரசிகன் போய்ட்டு வந்த கதை

காமிக்ஸ் கன்வென்ஷன்னு சொன்னாலே நம்மாளுங்க எல்லாருக்கும் அமெரிக்காவோட சான் டியாகோதான் ஞாபகம் வரும், ஹாலிவுட் நடிகருங்க, புதுப்பட டிரெய்லரு, ராத்திரியெல்லாம் வரிசையில படுத்துக் கெடக்குற கூட்டம், அதெல்லாம். அது நல்லா இருக்கும்தான், இல்லேங்கல. ஆனா சிவகாசியிலேர்ந்து தமிழ்ல வர்ற லயன் காமிக்ஸும் முத்து காமிக்ஸும் படிச்சு வளந்தவனுக்கு அங்க என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் கதையில சுத்துறதெல்லாம் அரிஜோனா, டெக்சாஸ்னு இருந்தாலும் அவர் பொறந்த வீடு இத்தாலி. 1948 செப்டம்பர் 30ந் தேதி முத இதழ், கதை ஜான் லூயிஜி பொனெல்லி, ஓவியம் கலெப்பினி. அங்கேருந்து கெளம்பி சிவகாசி வழியா நம்ம வீட்டுத் திண்ணைக்கு வந்து சேந்தவர்தான் நம்ம இரவுக் கழுகார். ஸாகோர், டைலன் டாக், மர்ம மனிதன் மார்ட்டின்னு நாம படிச்ச பாதிப் பேரு அதே மிலான் பொனெல்லி கம்பெனி ஆளுங்கதான்.

அதனால மியூனிக்குக்கு வேலைக்கு வந்த நாள்லேர்ந்தே லுக்கா போகணும்னு மனசுல இருந்துச்சு. டஸ்கனியில பிசாவுக்குப் பக்கத்துல இருக்குற பழைய ஊரு. ஊரச் சுத்தி நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளத்துல கோட்டைச் சுவரு, அது மேல மரம் வச்சு ரோடே போட்டிருக்காங்க, சைக்கிள் ஓட்டலாம். வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சு நவம்பர் முத வாரத்துக்குள்ள முடியுற மாதிரி அஞ்சு நாள் லுக்கா காமிக்ஸ் அண்ட் கேம்ஸ் நடக்கும். 1965ல போர்டிகெராங்குற ஊர்ல ஆரம்பிச்சு மறு வருஷமே லுக்காவுக்கு வந்துருச்சு, சான் டியாகோவே 1970லதான் தொடங்குச்சு, அதனால இது அண்ணன். ஊர் ஜனத்தொகை ஒரு லட்சம்கூட கெடையாது, 2022ல வித்த டிக்கெட் மூணு லட்சத்துக்கு மேல. இத மனசுல வச்சுக்கிட்டு மத்ததப் படிங்க.

நான் போனது 2024ல. அந்த வருஷம் அக்டோபர் 30லேர்ந்து நவம்பர் 3 வரைக்கும் விழா, தீபாவளி 31ந் தேதி வியாழக்கெழம. தீபாவளிக்கு டெக்ஸ் ஸ்பெஷல் வர்றது லயன்ல எப்பவும் உள்ள வழக்கம், கூரியர் பொட்டிய எதிர்பாத்து வாசல்ல நிக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன், அந்த வருஷம் பொட்டி ஊருக்குப் போச்சு நான் லுக்காவுக்குப் போனேன். வீட்ல "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க நிம்மதியா முறுக்கு சுடுறேன்"னு சொல்லிட்டாங்க.

மொதல்ல தங்குற விஷயம். லுக்கா கோட்டைக்குள்ள ரூம் கெடைக்கும்னு யாரும் கனவு காணாதீங்க, வருஷா வருஷம் வர்றவங்க இந்த வருஷ விழாவுலயே அடுத்த வருஷத்துக்கு சொல்லி வச்சிட்டுப் போயிடுறாங்க, மிச்சம் இருக்குறது நாலு மடங்கு வெல. பிசா, வியாரெஜ்ஜோ, மொன்டெகாட்டினி, பிஸ்டோயா, இப்படி ரயில் லைன்ல இருக்குற ஊரா பாத்துத் தங்கணும். நான் வியாரெஜ்ஜோவுல தங்குனேன். கடற்கரை ஊரு, கோடைக்காலத்துல கூட்டம் அள்ளும், அக்டோபர் கடைசியில ஈ ஓட்டுவாங்க, அதனால ரூம் சல்லிசா கெடைச்சுது, அங்கேருந்து லுக்காவுக்கு ரயில்ல இருபது நிமிஷம் சொச்சம். பிளைட்டுல பிசாவுல எறங்குனா ஏர்போர்ட்லேர்ந்து பிசா சென்ட்ரலுக்கு சின்னதா ஒரு தானியங்கி ரயில் ஓடுது, அதுல போய் மாறிக்கலாம். லுக்கா ஸ்டேஷன் கோட்டைச் சுவருக்கு வெளியிலயே இருக்கு, எறங்கி ரோட்டத் தாண்டுனா சுவரு.

டிக்கெட் மாசக்கணக்குல முன்னாடியே ஆன்லைன்ல போட்டுருங்க, ஒரு நாளைக்கு இத்தனைதான்னு கணக்கு வச்சு விக்கிறாங்க. நெறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, தெருவுல நடக்கவோ வேஷம் போட்டவங்களப் பாக்கவோ டிக்கெட்டே வேண்டாம். சதுக்கத்துக்கு சதுக்கம் பெரிய பெரிய கூடாரம் போட்டிருப்பாங்க, அதுக்குள்ள போகத்தான் டிக்கெட், அதுக்குக் கையில பட்டை கட்டி விடுவாங்க. கூட வர்றவங்களுக்குக் காமிக்ஸ்ல ஆர்வம் இல்லேன்னா அவங்களுக்கு டிக்கெட் எடுத்துக் காச வீணாக்காதீங்க, அவங்க பாட்டுக்குக் கோட்டைச் சுவத்து மேல நடந்துட்டு, குயினிஜி கோபுரம்னு உச்சியில மரம் வளந்து நிக்கிற ஒரு கோபுரம் இருக்கு, அதப் பாத்துட்டு இருக்கட்டும். அதுக்கே ஒரு நாள் போதாது.

எந்த நாள் போறதுங்குறதுதான் முக்கியமான முடிவு. நவம்பர் 1 இத்தாலியில அரசு விடுமுறை, எல்லாப் புனிதர்கள் நாள். 2024ல அது வெள்ளிக்கெழமையில வந்துச்சு, பின்னாடியே சனி ஞாயிறு, நாடே கெளம்பி வந்த மாதிரி இருந்துச்சு. நான் வியாழனும் வெள்ளியும் எடுத்திருந்தேன். வியாழன் கூட்டம்னா கூட்டம், ஆனா நின்னு புக்கப் பெரட்டிப் பாக்க முடிஞ்சுது. வெள்ளிக்கெழம மத்தியானம் சான் மிக்கேலே சதுக்கத்துலேர்ந்து நெப்போலியன் சதுக்கம் போறதுக்கு, சும்மா நாள்ல மூணு நிமிஷம் நடக்குற தூரம், முக்கால் மணி நேரம் ஆச்சு. நடக்குறதுன்னு சொல்ல முடியாது, கூட்டம் எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போனேன். போன்ல சிக்னல் சுத்தமா போயிடுது, அதனால மேப்ப முன்னாடியே எறக்கி வச்சுக்கோங்க, நண்பரோட போனா "நாலு மணிக்கு இந்த சர்ச் படிக்கட்டு"ன்னு பழைய காலத்து மாதிரி பேசி வச்சுக்கோங்க.

இவ்ளோ பெரிய விழாவுல காமிக்ஸ் ஒரு மூலைதான், இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. வீடியோ கேமு, போர்டு கேமு, மாங்காங்குற ஜப்பான் காமிக்ஸ், ஓடிடி கம்பெனிக்காரங்களோட அரங்கம், பொம்மைக் கடை, இதுங்களுக்குத்தான் வரிசை நீளம். எல்லாத்தையும் பாத்துடணும்னு போனா ஒண்ணையும் பாக்காம கால் வலியோட திரும்புவீங்க. நான் போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன், காகிதம் மட்டும்தான்னு. பழைய புக் வியாபாரிங்க, ஓவியருங்க கையெழுத்து போடுற மேச, ஒரிஜினல் பக்கங்க, இந்த மூணு தவிர எந்த வரிசையிலயும் நிக்கல. யாரோ ஒரு பெரிய நடிகர் வந்திருந்ததா ராத்திரி ரயில்ல பக்கத்து சீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும், வருத்தமே இல்ல.

பழைய புக் வியாபாரிங்க கூடாரம் நம்மூர் மூர் மார்க்கெட் கதை கேட்டு வளந்தவனுக்கு சொர்க்கம். நீள நீளமா அட்டைப் பொட்டி, நம்பர் வாரியா டெக்ஸ் அடுக்கியிருக்கும். மாத இதழ் நம்பர் 750ஐத் தாண்டிருச்சு, கூடவே தனி வரிசைங்க வேற. அங்க வர்ற பெருசுங்க ஒவ்வொருத்தர் கையிலயும் மடிச்ச காகிதம் ஒண்ணு இருக்கும், விடுபட்டுப் போன நம்பருங்க லிஸ்ட், மாங்கோலிஸ்தான்னு அதுக்குப் பேரு, அதப் பாத்துப் பாத்துத்தான் பொட்டியத் தொழாவுறாங்க. எழுபது வயசுக்காரர் ஒருத்தர் பேனாவால ஒரு நம்பர அடிச்சிட்டு பொண்டாட்டி பக்கம் திரும்பிச் சிரிச்சாரு, அந்தம்மா மொகத்துல ஒரு மாற்றமும் இல்ல. எல்லா ஊர்லயும் ஒரே கததான்.

இங்க வாங்கும்போது கவனிக்க வேண்டியது சில இருக்கு. டெக்ஸ் ஆரம்பத்துல இப்ப இருக்குற சைஸ்ல வரல, படுக்க வச்ச மாதிரி சின்னத் துண்டு சைஸ்ல, பக்கத்துக்கு ஒரு வரிசைப் படம்னு வந்துச்சு. அதோட ஒரிஜினல் எல்லாம் நாம கைய வைக்கிற வெலையில இல்ல. ஆனா அதே மாதிரி அச்சு அசலா மறுபதிப்பும் போட்டிருக்காங்க, பாத்தா அசப்புல அப்படியே இருக்கும். வியாபாரி நேர்மையா சொல்லிடுவாரு, இருந்தாலும் கம்மி வெலையில துண்டு சைஸ் கெடைச்சா அது மறுபதிப்புன்னே வச்சுக்கோங்க. பெரிய சைஸ்லயும் மூணு நட்சத்திரம் போட்ட மறுபதிப்பு வரிசை ஒண்ணு, துத்தோ டெக்ஸ்னு இன்னொரு வரிசை இருக்கு. சேகரிக்கிறவங்க இத மதிக்கிறதில்ல, அதனாலயே ஒரு காபி காசுக்குக் கெடைக்குது. நமக்கு வேண்டியது கதையும் படமும்தானே, நான் அதுலதான் அள்ளுனேன்.

இதவிட முக்கியம், தொடர்ச்சி நம்பர். நம்ம லயன்ல ஒரு கதைன்னா முழுசா ஒரே குண்டு புக்கா வந்துரும். அங்க மாசத்துக்கு 110 பக்கம், கதை ரெண்டு இதழ், மூணு இதழுன்னு ஓடும், பழைய இதழ்கள்ல போன கதையோட முடிவும் புதுக்கதையோட தொடக்கமும் ஒரே புக்குக்குள்ளயே இருக்கும். அட்டையப் பாத்து மயங்கி ஒரே ஒரு புக் வாங்குனா மந்திரவாதி வில்லன் மெபிஸ்டோ ஏதோ மந்திரம் ஓத ஆரம்பிக்கும்போது பக்கம் முடிஞ்சிரும். அதனால முன்னும் பின்னும் ரெண்டு நம்பர் சேத்து எடுங்க. இத்தாலியன் தெரியாதேன்னு கவலப்பட வேண்டாம், தமிழ்ல ஏற்கெனவே படிச்ச கதையாத் தேடி எடுத்தா படத்தப் பாத்தாலே வசனம் மனசுல ஓடும். தமிழ்ப் பதிப்பு அட்டைங்கள எல்லாம் போன்ல போட்டோ எடுத்துட்டுப் போயிருந்தேன், உள்பக்கம் ஒண்ணு ரெண்டும் கூட. அதக் காட்டுனதும் வியாபாரி கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டுப் பாத்துட்டு, ரெண்டு நிமிஷத்துல சரியான நம்பர உருவிக் குடுத்தாரு. கம்ப்யூட்டர் எல்லாம் தொடவே இல்ல. பழைய புக் வியாபாரிங்ககிட்ட நோட்டா குடுத்தா பேச்சு சுமுகமா போகுது, அஞ்சு புக்கு சேத்து வாங்குனா ஒண்ண அவங்களே சும்மா வைக்கிறாங்க, சாயங்காலம் ஆக ஆக மனசு இன்னும் எளகும்.

அதே பக்கத்துல ஒரிஜினல் ஆர்ட் விக்கிறவங்க மேச. பெரிய பெரிய கோப்பு, உள்ள பிளாஸ்டிக் உறைக்குள்ள ஒவ்வொரு பக்கமா. வாங்குற நோக்கம் இல்லேன்னாலும் கேட்டா பாக்க விடுறாங்க, கை சுத்தமா இருக்கணும் அவ்ளோதான். ஒரு டெக்ஸ் பக்கத்த ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னேன். வழக்கமான மூணு வரிசை, ஆறு கட்டம். அச்சுல கன்னங்கரேல்னு தெரியுற ராத்திரி வானம் ஒரிஜினல்ல ஒரே கறுப்பு இல்ல, பிரஷ் போன தடம் தெரியுது, மை கொஞ்சம் நீர்த்த எடம் பழுப்பா இருக்கு. குதிரை முன்னங்கால் ஒண்ண வெள்ளை மை வச்சு அழிச்சுட்டு அதுக்கு மேல வேற கோணத்துல வரஞ்சிருந்தாரு, சாய்ச்சுப் பாத்தா பழைய காலு அடியில மங்கலா தெரியுது. வசனக் கூண்டு தனிக் காகிதத்துல எழுதி ஒட்டுனது, ஒரு ஓரத்துல பசை காஞ்சு எழும்பி நின்னுச்சு. ஓரத்துல பென்சில்ல பக்க நம்பரு, எடிட்டருக்கு ஏதோ ஒரு குறிப்பு. இத்தன வருஷமா புக்குல பாத்துட்டு இருந்தது இந்தக் காகிதத்தோட நெழலத்தான்னு அப்பத்தான் புரிஞ்சுது. லிமிடெட் எடிஷன் பொம்மைக்கு ரெண்டு மணி நேரம் நிக்கிறதுக்கு இதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நிக்கலாம்ங்குறது என் கட்சி. வெல கேட்டேன், சிரிச்சுக்கிட்டே மூடி வச்சிட்டேன்.

அடுத்து கையெழுத்து மேச. பெரும்பாலான பதிப்பகத்துல முறை ஒண்ணுதான், எந்த ஓவியர் எத்தன மணிக்குன்னு முன்னாடியே அட்டவணை போட்டுருவாங்க, அவர் வரஞ்ச புக் ஒண்ணு வாங்கணும், வரிசையில நிக்கணும், புக்குல முன்பக்கத்துல பேரப் போட்டு ஒரு சின்னப் படம் வரஞ்சு குடுப்பாரு. சில எடத்துல டோக்கன், அது காலையில கதவு தெறந்த உடனே தீந்துடும், அதனால ஒரு நாளைக்கு ஒரு ஓவியர்னு வச்சுக்கோங்க, ரெண்டு பேருக்கு ஆசப்பட்டா ரெண்டும் போகும். நம்ம பேர ஒரு துண்டுச் சீட்டுல பெரிய எழுத்துல எழுதி புக்குக்குள்ள வச்சுக் குடுக்கணும், இல்லேன்னா தமிழ்ப் பேரு அவங்க காதுக்குப் போய் வேற ஒருத்தன் பேரா வந்துரும்.

நான் நின்னது ஒரு மூத்த டெக்ஸ் ஓவியருக்கு. ஒன்றரை மணி நேரம். முன்னாடி நின்ன எல்லாரும் டெக்ஸ் மொகம்தான் கேட்டாங்க. என் முறை வந்ததும் அங்க வாங்குன புக்க நீட்டிட்டு, பையிலேர்ந்து தமிழ் லயன் இதழ ஒண்ண எடுத்து மேச மேல வச்சேன், உள்ள அவரு வரஞ்ச கதைதான். மனுஷன் பேனாவக் கீழ வச்சிட்டாரு. எழுத்த எல்லாம் பாக்கல, நேரா ஒரு ராத்திரி சண்டைப் பக்கத்துக்குப் போனாரு, வெரலால கறுப்பத் தடவிப் பாத்தாரு, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பின்பக்கம் மை ஊறியிருக்கான்னு பாத்தாரு, அப்புறம் பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட ஏதோ சொன்னாரு, அந்தப் பொண்ணு ஆங்கிலத்துல "கறுப்பு நல்லா விழுந்திருக்காம், எங்க அச்சடிச்சதுன்னு கேக்குறாரு"ன்னுச்சு. சிவகாசின்னேன், இந்தியாவுல பட்டாசு செய்யுற ஊரு, இன்னிக்கு எங்களுக்குப் பட்டாசு வெடிக்கிற பண்டிகைன்னேன். அதுக்கப்புறம் வரிசையப் பத்தின கவலையே அவருக்கு இல்ல, என்னை விட அவர்தான் கேள்வி கேட்டாரு, எத்தன வருஷமா வருது, யாரு படிக்கிறாங்க, டெக்ஸோட கூட்டாளி கார்சனப் புடிக்குமான்னு. புடிக்குமாவா! எனக்குக் கார்சன்தான் வேணும்னு சொன்னேன். பிரஷ் பேனாவுல மொதல்ல தொப்பியோட விளிம்பு ஒரே இழுப்பு, அப்புறம் மீச, தாடி, கடைசியாத்தான் கண்ணு. நாலஞ்சு நிமிஷத்துல நம்ம வெள்ளிமுடியார் மொறைச்சிக்கிட்டு நிக்கிறாரு. கீழ ஒரு தட்டு, அதுல மூணு வெரல் கனத்துக்குக் கறி, குவிச்சு வச்ச உருளைக்கெழங்கு வறுவல். டெக்ஸும் கார்சனும் கதைக்குக் கதை ஆர்டர் பண்ணுற அதே சாப்பாடு, நான் அதக் கேக்கவே இல்ல.

ஆக நீங்க யாரு போனாலும் தமிழ்ப் பதிப்பு ரெண்டு மூணு பையில வச்சுக்கோங்க, இத ரொம்ப வலியுறுத்திச் சொல்றேன். அவங்களுக்குத் தங்களோட வேல எங்கெங்கயோ போகுதுன்னு தெரியும், கையில எடுத்துப் பாக்குற வாய்ப்பு கம்மி. முடிஞ்சா ஒண்ண அவங்களுக்கே குடுத்துட்டு வாங்க, நான் குடுத்துட்டேன். அப்புறம் வீடியோ எடுக்குறதா இருந்தா கேட்டுட்டு எடுங்க, வரைஞ்சுட்டு இருக்குற கைக்கு மேல போன நீட்டாதீங்க. வேஷம் போட்டவங்களுக்கும் இதேதான், கேட்டா சந்தோஷமா நின்னு போஸ் குடுப்பாங்க, பின்னாலேர்ந்து எடுக்குறதும் உடுப்பத் தொட்டுப் பாக்குறதும் கூடாது.

சாப்பாடு, பாத்ரூம். காபி கடைக்குப் போய் ஒரு காபி குடிச்சிட்டு பாத்ரூம் போறதுதான் நடைமுறை, வரிசை இருக்கும், முட்டுறப்போ தேடாதீங்க. சைவத்துக்குப் பஞ்சமில்ல, செச்சினான்னு ஒண்ணு கெடைக்கும், கடலைமாவக் கரைச்சு ஊத்தி அடுப்புல சுட்டது, நம்ம அடைக்கு தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், மெளகுத்தூள் தூவித் தர்றாங்க, சட்னி இல்லாததுதான் குறை. பதினொன்றரைக்கே சாப்பிட்டுருங்க, பன்னெண்டரைக்கு மேல எந்தக் கடையிலயும் உள்ள நொழைய முடியாது. தண்ணி பாட்டிலுக்குக் காசு குடுக்க வேண்டாம், ஊரு பூரா பழைய நீரூத்துக் குழாய் இருக்கு, குடிக்கிற தண்ணிதான், ஊர்க்காரங்களே கேன் கொண்டுவந்து புடிச்சிட்டுப் போறாங்க. தெரு பூரா கல்லுப் பாளம், புது ஷூவெல்லாம் போட்டுட்டு வராதீங்க. மழைக்கும் தயாரா இருக்கணும், 2023ல விழா நடந்துட்டு இருந்தப்போதான் கியாரான் புயல் டஸ்கனியப் போட்டுத் தாக்குச்சு. புக்குக்கு ரெண்டு கெட்டியான பிளாஸ்டிக் கவரு, வரைஞ்சு வாங்குனது மடங்காம இருக்க ரெண்டு அட்டை, குடைக்குப் பதிலா மழைக்கோட்டு. அந்தக் கூட்டத்துல குடைய விரிச்சா அடுத்தவன் கண்ணுதான் போகும்.

சாயங்காலம் ரயிலு. அஞ்சரையிலேர்ந்து ஏழரை வரைக்கும் ஸ்டேஷன் பக்கமே போகாதீங்க. கம்பி கட்டி வெளியிலயே நிறுத்தி கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள விடுறாங்க, மொத நாள் அதுல மாட்டி ஒரு ரயில விட்டு, அடுத்த ரயில்ல ஒத்தக்காலுல நின்னுட்டு வந்தேன், எனக்குப் பக்கத்துல அட்டையில செஞ்ச ஒரு ரோபோ, அவனால கதவுக்குள்ள திரும்பக்கூட முடியல. மறுநாள் விவரமா அங்கயே சாப்பிட்டு, கோட்டைச் சுவத்து மேல ஒரு சுத்து நடந்துட்டு எட்டரைக்கு மேல போனேன், உக்காந்து வந்தேன்.

கடைசியா எடை. அட்டைப் பொட்டியக் கண்டா கை நிக்காது, காகிதம் கனக்கும், கைப்பை மட்டும் வச்சுக்கிட்டு பிளைட்டுல போறவங்க திரும்புறதுக்கு ஒரு பெட்டிக்குக் காசு முன்னாடியே கட்டிருங்க, கவுன்ட்டர்ல கேட்டா ரெட்டிப்பு. ராஜபாளையத்துல நமக்கு சீனியரான ஒரு அண்ணன், நான் பொறக்குறதுக்கு முன்னாடிலேர்ந்து முத்து காமிக்ஸ் சேக்குறவரு, "தம்பி எனக்கு ஒரே ஒரு பழைய இத்தாலி டெக்ஸ் போதும்டா"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாரு. அவருக்கு மூணு நட்சத்திர வரிசையில தொடர்ச்சியா மூணு நம்பர் வாங்கியாச்சு. தபால்ல போடலாம்னு வெல கேட்டா புக்கு வெலைய விட நாலு மடங்கு சொல்றாங்க. பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ கையிலயே கொண்டாறேன்னு சொல்லிருக்கேன், அதுவரைக்கும் தெனம் ஒரு அட்டைப்பட போட்டோ அனுப்பணுமாம்.